501-வது யூனிட்

வீட்டுச் செலவு கையை மீறிப் போகிறது என்று தெரிந்ததும் பலரும் முதலில் கை வைப்பது சாப்பாட்டில்தான். பால் அரை லிட்டராகும், முட்டை வாரத்துக்கு இரண்டாகும், பழம் விசேஷ நாளுக்கு மட்டும் என்றாகும். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு கிடையாது. வளரும் பிள்ளைகளின் தட்டில் மிச்சம் பிடிக்கிற காசு ஒரு காய்ச்சல் செலவுக்குக்கூடக் காணாது. நாம் கவனிக்காமல் விட்ட இடங்களில் போகிற பணம் அதைவிடப் பல மடங்கு. அந்த இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மதுரையில் வில்லாபுரம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பெண் பிள்ளைகள், என் மாமியார், ஆக ஐந்து பேர். இரண்டு சம்பளம் வந்தாலும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவது அளவானதுதான். கடையில் பிறருடைய கணக்கைப் பைசா சுத்தமாக எழுதுகிறவள் சொந்த வீட்டுக் கணக்கை எழுதாமல் இருக்கக் கூடாது என்று, திருமணமான ஆண்டிலிருந்தே நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன்.

அந்த நோட்டில் நான் அதிகம் மல்லுக்கட்டியிருப்பது மின்கட்டணத்தோடுதான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட் என்றோர் எல்லை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மொத்தம் 500-க்குள் இருந்தால் இரண்டாவது 100 யூனிட்டுக்குச் சலுகை விலை. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை முழுதாகப் போய்விடும்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 500 யூனிட் ஓடியிருந்தால் முதல் 100-க்கு ஒன்றுமில்லை. அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 25 காசு வீதம் 225. அதற்கடுத்த 200 யூனிட் நாலரை ரூபாய் வீதம் 900. கடைசி 100 யூனிட் ஆறு ரூபாய் வீதம் 600. மொத்தம் 1,725 ரூபாய். இப்போது 501 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 101-லிருந்து 400 வரை எல்லாமே நாலரை ரூபாய், அதாவது 1,350. அதன்மேல் 600, கடைசி ஒரு யூனிட்டுக்கு 8. மொத்தம் 1,958. அந்த ஒரே யூனிட்டுக்கு நாம் கொடுப்பது 233 ரூபாய். 2024-இல் கட்டணம் இன்னும் சற்றுக் கூடியது. ஆனால் இந்த மேடு அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே கணக்கெடுக்க வருகிறவர் குறித்துவிட்டுப் போன எண்ணை அன்றைக்கே சமையலறை நாள்காட்டியில் எழுதிவிடுவேன். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் கேடபிள்யூஎச் (kWh) என்று ஆங்கில எழுத்துகள் தெரிகிற எண்தான் நமக்கு வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்னவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். அறுபது நாளுக்கு 500 என்றால் ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். முதல் மாத முடிவில் 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் பிடிமானமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கீசரை மறந்து ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட் போய்விடும். இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான், தினம் ஒரு சட்டைக்காகச் சூடேற்றாமல் வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து எல்லாத் துணியையும் தேய்த்துவிடுவது மேல்.

ஆனாலும் எங்கள் வீட்டில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மின்விசிறிதான். மதுரை வெயிலில் மின்விசிறியை நிறுத்து என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்று வருகிற புதிய வகைக்கு 30 வாட் அளவு போதும். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு மின்விசிறியில் மட்டும் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான். அதனால் மூன்றையும் ஒரே நாளில் வாங்காமல், தீபாவளி போனஸில் ஒன்று, பொங்கல் பணத்தில் ஒன்று என்று மாற்றினோம். எல்லையை ஒட்டி நிற்கிற வீட்டுக்கு இந்த மூன்று மின்விசிறிகளே போதும், சலுகை கையைவிட்டுப் போகாது. எங்களிடம் ஏசி கிடையாது. இருக்கிறவர்கள் வெப்ப அளவை ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் குறையும் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது.

அடுத்தது மளிகை. இதில் என் குரு என் மாமியார்தான். அத்தை உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். வருஷச் சாமான் வாங்கிப் போடுவது அவருக்கு ஒரு வேள்வி மாதிரி. புளி, வத்தல் மிளகாய், மல்லி மூன்றும் வருஷம் முழுக்க வேண்டும். ஆனால் அறுவடை ஒரு பருவத்தில்தான். மாசி, பங்குனியில் புதுப்புளி இறங்கும்போது விலை இளகி நிற்கும். ஐப்பசி மழையில் அதே புளியைக் கால் கிலோ பொட்டலமாக வாங்கினால், பொட்டலத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

புளியைக் கொட்டையோடு வாங்கினால் இன்னும் மலிவு. நத்தம் பக்கத்திலிருந்து வருகிற புளியை அத்தை கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார். ஈரம் ஏறியிருந்தால் விரலில் பிசுபிசுக்கும், அதை எடைக்கு வாங்கினால் தண்ணீருக்குக் காசு கொடுத்தது போலாகும். நல்ல புளி செம்பழுப்பாக, பிய்த்தால் நார் தனியே வருகிறதாக இருக்கும். வாங்கி வந்து மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, ஓட்டையும் நாரையும் நீக்கி, கொட்டையைத் தட்டி எடுப்போம். பிறகு ஜாடியில் ஒரு வரிசை புளி, ஒரு கை கல்லுப்பு, மறுபடி ஒரு வரிசை புளி என்று அழுத்தி வைத்து வாயைத் துணியால் கட்டிவிட வேண்டும். ஈரக்கை படவே கூடாது. இப்படி வைத்த புளி அடுத்த பங்குனி வரை பூச்சி அண்டாமல் இருக்கும். நிறம் மட்டும் கறுக்கும், அதற்குப் பிறகுதான் ரசத்துக்கு ருசியே வரும் என்பது அத்தையின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

மிளகாயும் மல்லியும் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வாங்கி, ஒடித்தால் சத்தம் வருகிற அளவுக்குக் காயவைத்து, வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக மில்லில் கொடுத்துத் திரித்துக்கொள்கிறோம். மொத்தமாக வாங்க ஒரே மாதத்தில் பணம் வேண்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், அதற்காகவே கார்த்திகை மாதத்திலிருந்து ஒரு டப்பாவில் வாரா வாரம் போட்டு வைக்கிறேன். கடன் வாங்கி மொத்தச் சாமான் வாங்குவதில் எந்த லாபமும் கிடையாது. ஐந்து பேர் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடானால் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டு வாங்குங்கள். இடமில்லாத வீட்டில் புளியை மட்டுமாவது வாங்கி வைக்கலாம்.

காய்கறிக்கு உழவர் சந்தை. இந்தத் திட்டமே மதுரையில்தான், அண்ணா நகரில், 1999 நவம்பரில் தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேரில் விற்கிறார், அன்றைய விலை வாசல் பலகையில் எழுதியிருக்கும். பலகையை முதலில் படித்துவிட்டு, எது மலிவோ அதை வைத்து அந்த வாரச் சமையலைத் தீர்மானிப்பது என் வழக்கம். என்ன சமைப்பது என்று முடிவு செய்துகொண்டு போனால் முருங்கைக்காய் யானை விலை விற்கும்போதும் வாங்க நேரிடும். பலகையில் எழுதிய விலைக்கு மேல் நான் பேரம் பேசுவதில்லை. தலைச்சுமையாகத் தெருவில் கீரை கொண்டு வருகிற அம்மாவிடமும் பேசுவதில்லை. அவருடைய இரண்டு ரூபாயில் நான் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

ரேஷன் பொருளை வாங்குவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வேறெங்கே கிடைக்கும்? ரேஷன் புழுங்கலரிசியை நன்றாகக் களைந்து ஊறவைத்து, நல்ல உளுந்தாகப் போட்டு அரைத்தால் இட்லி பூவாக வருகிறது. கடை மாவுப் பாக்கெட்டுக்குப் போகிற காசு எங்கள் வீட்டில் அப்படியே நிற்கிறது. பருப்பு ஊறியே குக்கருக்குப் போவதால் எரிவாயுவும் குறைவாகவே ஆகிறது. சுவாலை மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிக் கழுவுங்கள், மஞ்சள் சுவாலையில் எரிவாயு வீணாகிறது. ஆனால் அடுப்புக் குழாயில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஐந்து ஆண்டு முடிந்ததும் மாற்றிவிட வேண்டும், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் சரி.

அத்தைக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. முன்பெல்லாம் மாதாமாதம் மாத்திரைக்கே ஒரு தொகை போகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவ்விரண்டுக்கும் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தருகிறார்கள். அதில் கிடைக்காத மருந்துகளுக்கு, குறைந்த விலையில் விற்கிற மக்கள் மருந்தகமோ முதல்வர் மருந்தகமோ போகலாம். அங்கே போவதற்கு முன் மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை, அதாவது ஜெனரிக் பெயரை, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கம்பெனிப் பெயரைச் சொன்னால் அவர்களால் எடுத்துத் தர முடியாமல் போகலாம். மாத்திரையை நாமாக நிறுத்துவதோ பாதியாக உடைத்துப் போடுவதோ எந்தச் சிக்கனத்திலும் சேராது.

இப்படி மிஞ்சுகிற பணம் கையில் இருந்தால் கரைந்துவிடும். எனவே சம்பளம் வந்த அன்றே ஒரு தொகை வங்கியில் மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்புக்கு (ஆர்டி) போய்விடுகிறது. பலர் தோன்றிய மாதத்தில் தொடங்குகிறார்கள். நான் மே மாதம் தொடங்கி அடுத்த மே மாதம் முதிரும்படி போடுகிறேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது கட்டணம், சீருடை, நோட்டு எல்லாவற்றுக்கும் அந்தப் பணம் நேராகப் போகும். நகைக்கடைச் சீட்டு எனக்கு ஒத்துவருவதில்லை, ஏனென்றால் அவசரத்துக்கு அது பணமாகக் கைக்கு வராது. வரும் ஆண்டு பெரியவள் பிளஸ் ஒன்னுக்குப் போகிறாள், அறிவியல் பிரிவு வேண்டும் என்கிறாள். அதற்காகத் தவணையை மாதம் ஐந்நூறு ரூபாய் கூட்டியிருக்கிறேன், மின்கட்டணத்தில் மிச்சமாவதை வைத்து.