முட்டை சிக்கிய கோழி: செம்பியைத் தேற்றிய அனுபவம்

முட்டை வெளியே வராமல் தவிக்கிற கோழி, விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு அடைக்கோழி மாதிரியேதான் தெரியும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் கிடக்கும். தீனி கொட்டினால் எழுந்து வராது. முட்டையிடும் கூடைக்குள் போகும், வரும், மறுபடி போகும். எங்கள் செம்பி அப்படிக் கிடந்தபோது என் மாமியார் சொன்னதும் அதைத்தான். "அடைக்கு வந்திருச்சு கண்ணு. தண்ணியில ரெண்டு முக்கு முக்கி, மூக்குல ஒரு றெக்கையக் குத்தி உட்டீன்னா தெளிஞ்சுரும்."

அத்தை காலமெல்லாம் வளர்த்தது சிறுவிடையும் பெருவிடையும். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிற நாட்டுக்கோழிகள். அவற்றுக்கு அந்த வைத்தியம் பழகினதுதான். செம்பி பிவி 380. வருஷத்துக்கு 280, 300 என்று பழுப்பு முட்டை இடுவதற்காகவே உருவாக்கிய கலப்பினம். அடை காக்கும் குணம் அனேகமாக அற்றுப்போனது. "இது அடைக்கு வராத ஜாதிங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கிட்டத்தில் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அடைக்கோழியிடம் கையைக் கொண்டுபோனால் உறுமும், கொத்த வரும். செம்பியைத் தொட்டால் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு சும்மா இருந்தது. எழுப்பி நிறுத்தினால் வால் தரையைத் தொட, நெஞ்சு நிமிர்ந்து, பெங்குவின் நிற்கிற மாதிரி நின்றது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. சும்மா ஆடுகிற ஆட்டம் இல்லை அது, முக்குகிற ஆட்டம். பின்புறத்து இறகுகளில் வெள்ளையாக, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒட்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு வெள்ளைக்கழிச்சல் என்றார். அந்த நோயென்றால் மற்ற கோழிகளில் ஒன்றிரண்டாவது சோர்ந்திருக்க வேண்டும், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் என்று வேறு அறிகுறிகளும் தெரியும். இங்கே எச்சமே வரவில்லை. அடைப்புக்கு இடையே கசிந்த வெள்ளை நீர் மட்டும்தான். கோழிக்கு முட்டையும் எச்சமும் வெளியேறுவது ஒரே வாசலில். உள்ளே முட்டை நின்றுவிட்டால் குடலும் நசுங்கும். இந்தக் கோளாறில் ஒரு நாள், ஒன்றரை நாளில் கோழி சாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உறுதிப்படுத்திக்கொள்ளத் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் கூர்மையான இடுப்பெலும்புகள் இரண்டு துருத்திக்கொண்டிருக்கும். அவற்றுக்குக் கீழே, வயிற்றின் அடிப்புறத்தில் உள்ளங்கையை மெதுவாக வைத்தால் மாவுபோல் கொழகொழவென்று இருக்க வேண்டிய இடம் கெட்டியாக உருண்டிருந்தது. மெல்லிய கையுறை போட்டு, சுண்டுவிரலில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாய்க்குள் மெல்ல விட்டேன். இரண்டு அங்குலம்கூடப் போகவில்லை, விரல்நுனியில் ஓடு தட்டுப்பட்டது. வழவழப்பாக இல்லாமல் மணல் ஒட்டினாற்போல் சொரசொரப்பு. அதற்குமேல் விரலை அசைக்காமல் எடுத்துவிட்டேன். உள்ளே நோண்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. முட்டை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது, தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். சுற்றிலும் கறிக்கோழிப் பண்ணைகள்தான், ஆனால் ஒற்றைக் கோழியைத் தூக்கிக்கொண்டு போனால் கவனமாகப் பார்க்கிற டாக்டர் அத்தனை சுலபமாக அகப்படமாட்டார். பண்ணைக் கணக்கில் ஒரு கோழி என்பது ஒரு கோழி, அவ்வளவுதான். நல்லவேளையாக எங்கள் மாட்டுக்கு வருகிற டாக்டர் போனை எடுத்தார். விரலில் தட்டுப்பட்டதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓடு உடையலீங்களே?" இல்லை என்றேன். "அப்போ அமுக்கிராதீங்க. யாரையும் அமுக்க விடாதீங்க. உள்ளே உடைஞ்சா ஓடு கிழிச்சுரும், சீழ் புடிச்சுரும். வெதுவெதுப்பு, கால்சியம், இருட்டு. இந்த மூணையும் குடுங்க. காலைக்குள்ள வரலைன்னா கொண்டாந்துருங்க."

துணி ஊறப்போடும் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் விளாவினேன். கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரிக்குப் பக்கம். அதனால் நமக்கு நல்ல வெதுவெதுப்பாகத் தெரிகிற 38, 40 டிகிரித் தண்ணீர் அதற்கு இதமாகத்தான் இருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல முழங்கையை விட்டுப் பார்த்தேன். வயிறும் ஆசனவாயும் முழுக, முதுகு நனையாத அளவுக்குத் தண்ணீர். பேதியுப்பு போடலாம் என்று சொல்வார்கள். வீட்டில் இல்லை, டாக்டரும் கேட்கவில்லை. சூடுதான் வேலை செய்கிறது. இறுகிக் கிடக்கிற தசை தளர வேண்டும், அதற்குத்தான் இந்தக் குளியல்.

செம்பி உள்ளே போனதும் ஒருமுறை சிறகடித்து என்னை நனைத்தது. இரண்டு கையாலும் சிறகோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்து, கழுத்து சுருங்கி, தாடை என் மணிக்கட்டில் சாய்ந்தது. தூங்கியே விட்டது. தண்ணீர் ஆறுவதற்குள் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றி, இருபது நிமிடம் போல வைத்திருந்தேன். எடுத்ததும் பழைய துண்டில் ஒற்றி, ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காயவைத்தேன். அடிவயிற்று இறகு ஈரத்தோடு மின்விசிறிக் காற்றில் விட்டால் வெதுவெதுப்பெல்லாம் வீண்.

ஆசனவாய் ஓரமாகத் தேங்காய் எண்ணெய் தடவினேன், விளிம்பில் மட்டும். உள்ளே ஊற்றவில்லை. ஊசிக்குழலில் எண்ணெயை நிரப்பி உள்ளே பீய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்மூடித்தனமாகப் பீய்ச்சினால் அது குடலுக்குப் போகிறதா முட்டைக்குழாய்க்குப் போகிறதா என்று யாருக்குத் தெரியும்?

கால்சியம் ஓட்டுக்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறோம். முட்டையைத் தள்ளுவது கருப்பைத் தசை. அது சுருங்கி விரியவும் ரத்தத்தில் கால்சியம் வேண்டும். ஓடு கட்டவே ரத்தத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டால், தள்ளுவதற்குப் பலம் இருக்காது. அத்தை மூட்டுவலிக்குச் சாப்பிடும் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை, டி3 சேர்ந்தது, வீட்டில் இருந்தது. அதில் பாதியைப் பொடித்து வெல்லத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். கொடுக்கும் விதத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். அது அலகை டக் டக்கென்று தட்டி விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. பொறுமை போகிற வேலை.

அடுத்தது இருட்டு. வெளியூர்க்காரர்கள் எழுதுவதையெல்லாம் படித்தால் சூடு விளக்கு போடச் சொல்வார்கள். அவர்கள் ஊர்க் குளிருக்கு அது சரி. சித்திரை மாதப் பல்லடத்தில், ஓட்டு வீட்டு அறைக்குள் விளக்கையும் போட்டால் கோழி வெந்துதான் போகும். அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, குளியலறையில் வைத்து, கீழே ஒரு வாளி வெந்நீரைத் திறந்து வைத்தேன். ஆவியோடு ஈரப்பதம் இருந்தால் போதும். அலகைத் திறந்து இரைக்க ஆரம்பித்தால் உடனே காற்றோட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்பதால் அவ்வப்போது கதவிடுக்கில் பார்த்துக்கொண்டேன். எடுத்து எடுத்துத் தடவிக்கொண்டிருந்தால் அதற்கு வேலையே ஓடாது. கூடையில் மறைவாக உட்கார்ந்து முட்டையிடுகிற பிராணி அது. கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தால் அடக்கிக்கொள்ளும்.

சாயந்திரம் பால்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பால் இறங்கப் போடற ஊசி ஒண்ணு இருக்குதுங்கம்மா, ஒரு சொட்டுப் போட்டாப் போதும், தள்ளிரும்" என்றார். அவர் சொன்னது ஆக்ஸிடோசின். அது தசையைச் சுருக்குகிற மருந்துதான், கால்நடை மருத்துவர்களும் தேவைப்பட்டால் போடுவதுண்டு. ஆனால் வாசல் தளராமல், முட்டை எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் போட்டால், மூடின கதவில் முட்டையை மோதவிட்ட கதைதான். முட்டை உடையலாம், குழாயே கிழியலாம். போனில் கேட்டபோது டாக்டர், "அந்த ஊசிக்காரரைக் கோழிப் பக்கமே விட்றாதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இருட்டிய பிறகு மறுபடியும் ஒரு வெந்நீர்க் குளியல், கொஞ்சம் வெல்லத் தண்ணீர். இந்த முறை எடுக்கும்போது பின்புறம் ஈரமாக, ஆசனவாய் முன்னைவிட அகலமாகத் தெரிந்தது. முக்கும்போது வெள்ளையாக ஒரு வட்டம், எட்டணாக் காசளவு, எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பிடித்து இழுக்கக் கை துறுதுறுத்தது. அந்த நேரத்தில் இழுத்தால் முட்டையோடு குழாயும் சேர்ந்து வெளியே வந்துவிடும். எண்ணெயை இன்னொரு முறை விளிம்பில் தடவிவிட்டுப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

விடிவதற்கு முன்னால் குளியலறையில் சத்தம். முட்டையிட்ட கோழி கூப்பாடு போடுமே, அந்தச் சத்தம், கொஞ்சம் கம்மிய குரலில். வைக்கோலில் கிடந்த முட்டையைச் சமையலறைத் தராசில் வைத்தால் 84 கிராம். அது வழக்கமாக இடுவது 55, 60 கிராமுக்குள். ஒரு முனையில் ஓடு மெலிந்து, நடுவில் மடிப்பு விழுந்து, மேலெல்லாம் பொரிப்பொரியாகச் சுண்ணாம்பு. உடைத்துப் பார்த்ததில் இரண்டு மஞ்சள் கரு.

முட்டை வந்ததோடு வேலை முடியவில்லை. ஆசனவாயில் இளஞ்சிவப்பாகச் சதை கொஞ்சம் பிதுங்கியிருந்தது. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கழுவி, சர்க்கரையைக் குழைத்துத் தடவினேன். சர்க்கரை நீரை உறிஞ்சி வீக்கத்தை வடியவைக்கும். மத்தியானத்துக்குள் தானாக உள்ளே போய்விட்டது. அதுவரை பஞ்சாரத்தில், அதாவது கோழியை மூடிவைக்கிற கூடையில், கவிழ்த்துத் தனியாகத்தான் வைத்திருந்தேன். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும். ஒன்று கொத்தினால் எல்லாம் கொத்தும். ஒரு மணி நேரத்தில் குடலை உருவிவிடுகிற அளவுக்குப் போகும். டாக்டர் வந்து பார்த்து, வலிக்கும் கிருமிக்கும் மருந்து கொடுத்தார். கிருமி மருந்து கொடுக்கிற நாட்களிலும், அதற்குப் பிறகு அவர் சொன்ன கெடு வரைக்கும் முட்டை வந்தால் யாரும் சாப்பிடக்கூடாது என்றார். அதோடு, கொஞ்ச காலம் முட்டை உருவாகாமல் குழாய் ஓய்வெடுக்கட்டும் என்று, பஞ்சாரத்தைச் சாக்கால் மூடி வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார். நாளுக்கு 14 மணி நேர வெளிச்சத்துக்கு மேல் கிடைத்தால்தான் இந்த ஜாதிக் கோழி முழுவீச்சில் இடும். 8 மணி நேரமாகக் குறைத்தால் மெல்ல நின்றுவிடும். நின்றது.

இரட்டைக் கரு யார் கையிலும் இல்லை. இரண்டு கரு ஏறத்தாழ ஒரே நேரத்தில் கழன்று விழுந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே ஓடு கட்டிவிடும். வெயிலின் பங்கு வேறு. வெயிலில் கோழி வாயைத் திறந்து இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாகப் போய்விடுகிறது. ஓடு கட்டுவதற்கான கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். தீனியும் குறைந்துபோகும். ஒரு முட்டையோட்டில் மட்டும் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் சேர்ப்பது அதற்காகத்தான். நாளைக்கு 110 கிராம் தின்றால் 4 கிராம் போல உள்ளே போகிறது, அதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் ஒட்டுகிறது. அதுவே 80 கிராமாகக் குறைந்தால் மிச்சத்தை எலும்பிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

அதனால் இப்போது வெயில் மாதங்களில் தீவனத்தை விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைக்கிறேன். சாயந்திரம் தனி மண்சட்டியில் கிளிஞ்சல். பொடியாக இல்லை, நொறுக்கியது. ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது, பெரிய துண்டு இரைப்பையில் மெதுவாகக் கரைந்து விடியும்வரை கால்சியம் கொடுத்துக்கொண்டிருக்கும். தேவைப்பட்ட கோழி தானாகப் போய்த் தின்கிறது, சேவல் அந்தச் சட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

வீட்டில் பார்க்கலாம் என்பதெல்லாம் முட்டை முழுசாக இருந்து, கோழி நிற்கத் தெம்போடு இருக்கும்வரைதான். ரத்தம் வந்தால், மஞ்சளோ வெள்ளைக்கருவோ கசிந்தால், கால் தடுமாறி உட்கார்ந்துவிட்டால், வெளியே வந்த சதை கறுத்தால், இல்லை முக்க ஆரம்பித்து ஒரு நாள் ஆகியும் முட்டை வரவில்லை என்றால், டாக்டர் ஊசியால் முட்டைக்குள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்து ஓட்டைச் சுருக்கி வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதை வீட்டில் செய்ய முடியாது. அந்த நிலையில் வெந்நீரும் மாத்திரையும் நேரத்தைத்தான் தின்னும். பஞ்சாரத்தோடு தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.