பேதிக்குச் சாப்பிட்ட மறுநாள்

விளக்கெண்ணெய் குடித்து வயிறு நன்றாகக் கழிந்துவிட்டது. மறுநாள் மலம் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. 'இன்னும் சுத்தமாகவில்லை போல' என்று மறுபடி குடிப்பவர்கள் ஏராளம். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. காலியான பெருங்குடல் மீண்டும் நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை காத்திருங்கள். மருந்து இல்லாமல் மலமே வராது என்ற நிலைக்குப் பலரும் வந்து நிற்பது இந்த அவசரத்தால்தான்.

பல வருட அழுக்கு குடலில் ஒட்டியிருக்கிறது என்பது உண்மையல்ல. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்கிறது. பேதி மருந்து தேங்கிய மலத்தை வெளியேற்றும், அவ்வளவுதான். சித்த மருத்துவம்கூட நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் பேதி சொல்கிறது. வாராவாரம் அல்ல.

விளக்கெண்ணெய் என்றால் பெரியவர்களுக்கு 15 மி.லி., வெறும் வயிற்றில், வெதுவெதுப்பான பாலில். விளக்கேற்ற விற்கும் எண்ணெய் வேண்டாம், மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். 2 முதல் 6 மணி நேரத்தில் வேலை செய்யும் என்பதால் இரவில் குடித்தால் தூக்கம் போகும். அன்று முழுக்க அரிசிக்கஞ்சியும் உப்புப் போட்ட மோரும் போதும்.

நிலாவரை (சென்னா) என்ற பேதி இலை வேறு மாதிரி. அதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்தபிறகுதான் பேதியாகும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும், ஆகவே படுக்கும்முன் எடுப்பது சரி. வயிறு முறுக்கினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது.

கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் பேதி எடுக்கவே வேண்டாம். காரணம் தெரியாத வயிற்றுவலியிலும் கூடாது. குடல்வால் வீங்கியிருந்தால் அது வெடிக்கக்கூடும்.

பேதியாக ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்புக் கலந்து குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் 10 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுமைக்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

தினசரி மலச்சிக்கலுக்கு இசப்கோல் என்ற விதையின் உமி போதும். ஒரு தேக்கரண்டி அளவை ஒரு பெரிய தம்ளர் (240 மி.லி.) நீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். ஊறவிட்டால் கூழாகிவிடும், நீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். பலன் தெரிய மூன்று நாள்வரை ஆகலாம். வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் இவை எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.