நான்கு வரியில் சுருக்கிய தங்கம்

2021 ஜூலையில், டோக்கியோ ஒலிம்பிக் நடந்த நாட்களில், ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். 26ஆம் தேதி சென்னையின் பவானி தேவி, ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியராக, வாள்வீச்சின் ஒரு வகையான சேபர் பிரிவின் முதல் ஆட்டத்தை 15-3 என வென்று அடுத்ததில் தோற்றார். அவருக்குத் தாராளமாக இடம் கொடுத்தோம். மறுநாள் மேசைப்பந்தில் சரத் கமல் மா லாங்கிடம் தோற்ற செய்தி பக்கத்தை அடைத்துக்கொள்ள, வாள்வீச்சின் இன்னொரு வகையான எப்பேயில், மகளிர் அணிப் பிரிவில் எஸ்டோனியா தங்கம் வென்றதை நான் நான்கு வரியாகச் சுருக்கிப் பக்கத்தின் அடியில் வைத்தேன்.

பக்கம் அச்சுக்குப் போனபின் அந்த இறுதிப் போட்டியின் பதிவைப் பார்த்தேன். ஒன்பது ஆட்டங்களில் எட்டு முடிந்த நிலையில் தென் கொரியாவும் எஸ்டோனியாவும் 26-26 என நின்றன. கடைசி மூன்று நிமிடத்துக்கு, மூன்று நாட்களுக்கு முன் தனிநபர் பிரிவில் வெண்கலம் வென்றிருந்த எஸ்டோனியாவின் காத்ரினா லெஹிஸ் இறங்கினார். எதிரே, 2012 லண்டனில் அணி வெள்ளி வென்ற சோய் இன்-ஜியோங். எப்பேயில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கே தொட்டாலும் புள்ளி. இருவரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் தொட்டால் இரண்டு விளக்குகளும் எரிந்து இருவருக்கும் புள்ளி விழும். ஆகவே முன்னிலை பெற்றவருக்கு அந்த இரட்டை விளக்கே துணை. பின்தங்கியவர்தான் துணிந்து நெருங்கிவர வேண்டியிருக்கிறது, நெருங்கும்போது அவருடைய மணிக்கட்டும் முன்கையும் எதிராளியின் வாள்முனைக்குத் திறந்துவிடுகின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எஸ்டோனியா வென்ற 36-32 என்ற எண்களுக்குப் பின்னால் எவ்வளவு பொறுமை இருந்தது என்பது எனக்குப் புரிந்தது.

லெஹிஸ் பிறந்தது எஸ்டோனியாவின் ஹாப்சாலு என்னும் சிறிய கடலோர ஊரில். 1950களில் லெனின்கிராடிலிருந்து வந்த எண்டெல் நெலிஸ் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு வாள்வீச்சு கற்பித்து ஒரு மரபையே உருவாக்கினார். 2010, 2013 ஆண்டுகளில் எப்பே உலகச் சாம்பியனான நிக்கோலாய் நொவோஸ்யோலவும் அதே ஊர்க்காரர்தான். ஏறத்தாழ 13 லட்சம் மக்கள் வாழும் அந்த நாடு டோக்கியோவில் பெற்றவை இரண்டே பதக்கங்கள், இரண்டும் வாள்வீச்சில், இரண்டிலும் லெஹிஸின் கை இருந்தது. தங்க அணியில் அவரோடு நின்ற இரினா எம்ப்ரிக்குக்கு அப்போது வயது 41. இத்தனையும் ஒரு வரலாறு. நான் அதை வெறும் முடிவாகக் கருதிவிட்டேன்.

மறுநாள் காலை செய்தி ஆசிரியரிடம் போய், "சார், நேற்று அந்தச் செய்தியைக் குறைத்தது என் தவறு, இன்று கொஞ்சம் இடம் வேண்டும்" என்றேன். ஒற்றைப் பத்தியில் ஒரு சாண் அளவு கிடைத்தது. ஹாப்சாலுவிலிருந்து எழுதத் தொடங்கினேன்.