ஒன்பது டாலருக்கு எவ்வளவு தூரம்?

1816-இல் அமெரிக்க செனட் குழு ஒன்று போட்ட கணக்கு இது. ஒரு டன் சரக்கை ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி 3,000 மைல் கொண்டுவர ஏறக்குறைய ஒன்பது டாலர் ஆகிறது. அதைத் துறைமுகத்தில் இறக்கிக் குதிரை வண்டியில் ஏற்றினால் அதே ஒன்பது டாலருக்கு 30 மைல்தான் நகரும். அமெரிக்காவின் ஆரம்பகாலத் தொழில்மயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிலோ நீராவி இன்ஜினிலோ ஆரம்பிப்பார்கள். இந்த வண்டிக்கூலியில் ஆரம்பித்தால்தான் பின்னால் நடந்ததெல்லாம் விளங்கும் என்பது என் கட்சி.

கூலி அப்படி இருந்தால் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே இருக்கும் விவசாயி என்னதான் செய்ய முடியும்? ஒரு குதிரை நான்கு புஷல் (அந்த ஊர்த் தானிய அளவை) தானியம் சுமக்கும். அதையே விஸ்கியாகக் காய்ச்சி எடுத்துப் போனால் 24 புஷலின் மதிப்பு அதே முதுகில் ஏறிவிடும். ஆகவே காய்ச்சினார்கள். 1791-இல் மத்திய அரசு விஸ்கிக்கு வரி போட்டதற்காக 1794-இல் மேற்குப் பென்சில்வேனியா கலகத்தில் இறங்கியது குடிவெறியால் அல்ல. விஸ்கிதான் அவர்களுடைய சரக்குப் போக்குவரத்து. பன்றியை விற்க வேண்டுமென்றால் அதன் காலாலேயே சந்தைக்கு நடத்திக்கொண்டு போவார்கள். மற்றபடி ஆளியும் கம்பளியும் வீட்டிலேயே நூலாகி, வீட்டிலேயே துணியாகும். உப்பு, இரும்பு, தேயிலை மாதிரி சிலவற்றுக்குத்தான் காசு தேவை. அக்கம்பக்கத்துக் கொடுக்கல் வாங்கலெல்லாம் கணக்கு நோட்டில் எழுதி வைத்து, வருஷக்கணக்கில் உழைப்பாகவும் தானியமாகவும் கழித்துக்கொள்வது.

இதை உடைத்தது ஈரி கால்வாய். ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஆல்பனியிலிருந்து ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ வரை 363 மைல். மேலே 40 அடி அகலம், அடியில் 28 அடி, ஆழம் வெறும் 4 அடி. மத்திய அரசின் உதவிக்கு வழிவகுக்கும் மசோதாவை ஜனாதிபதி மேடிசன் 1817 மார்ச்சில் நிராகரித்துவிட்டார். நியூயார்க் மாநிலம் தானே பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கி, அதே ஜூலை 4 அன்று ரோம் என்ற ஊரில் மண்ணைத் தோண்டத் தொடங்கியது. கவர்னர் டெவிட் கிளின்டனைக் கேலி செய்து ‘கிளின்டனின் சாக்கடை’ என்றார்கள்.

நாட்டில் அன்று பயிற்சி பெற்ற கால்வாய்ப் பொறியாளர் என்று சொல்ல யாருமே இல்லை. தலைமை தாங்கிய பெஞ்சமின் ரைட்டும் ஜேம்ஸ் கெடஸும் நிலம் அளந்து பழகிய நீதிபதிகள். முதல் பெரிய தலைவலி சுண்ணாம்பு. சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துத்தான் இறுகும். தண்ணீருக்கடியில் அது இறுகாமல் கரைந்து வெளியேறும், கல் இடுக்கு வழியே கசிவு தொடங்கும். நீரில் இறுகும் சிமெண்டை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. கேன்வாஸ் வைட் என்ற இளம் பொறியாளர் இங்கிலாந்துக் கால்வாய்களை நடந்தே பார்த்துவிட்டு வந்தவர். 1818-இல் சிட்டனாங்கோ அருகே கிடைத்த ஒரு சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு அரைத்தால் தண்ணீரிலும் இறுகுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கல் கிடைக்காமல் போயிருந்தால் 83 லாக்குகளும் சில வருஷத்தில் ஒழுகியிருக்கும்.

லாக் என்பது 90 அடி நீளம், 15 அடி அகலத்தில் ஒரு கல்தொட்டி, இரு முனையிலும் மரக்கதவு. மேலே ஏற வேண்டிய படகு கீழ்க்கதவு வழியே உள்ளே வரும். கதவைச் சாத்திவிட்டு மேல்முனையிலுள்ள சிறு மதகுகளைத் திறந்தால் மேல்மட்டத்துத் தண்ணீர் தானாகவே இறங்கித் தொட்டியை நிரப்பிப் படகைத் தூக்கும். மட்டம் சமமானதும் மேல்கதவைத் திறக்கலாம். பம்பும் இல்லை, இன்ஜினும் இல்லை. இரட்டைக் கதவுகள் நேராகச் சேராமல், மேல்நீரைப் பார்த்து V வடிவில் முட்டிக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவுக்கு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு இறுகும். ஹட்சனுக்கும் ஈரிக்கும் உள்ள சுமார் 568 அடி உயர வித்தியாசத்தை இப்படிப் படிப்படியாகக் கடந்தார்கள். லாக்போர்ட்டில் மட்டும் பாறைமேட்டை வெட்டி ஐந்து லாக்குகளை அடுக்கி, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி வரிசை கட்டினார்கள்.

பராமரிப்புத் தொல்லை தீரவே இல்லை. கஸ்தூரி எலிகள் கரையில் வளை தோண்டும். அதில் கசிந்த நீர் கரையையே அறுத்துவிடும். குளிர்காலத்தில் தண்ணீரை வடித்துவிட்டு மூடிவிட வேண்டும். படகு நாலு மைல் வேகத்துக்கு மேல் போனால் அலை கரையை அரிக்கும் என்று வேகத்துக்கும் கட்டுப்பாடு. வெட்டிய காலத்தில் மான்டசூமா சதுப்பில் 1819-இல் தொழிலாளர்கள் ஆயிரம் பேர் அளவில் காய்ச்சலில் விழுந்தார்கள்.

1825 அக்டோபர் 26 அன்று முழுவதும் திறந்தது. செலவு சுமார் 70 லட்சம் டாலர். பஃபலோவிலிருந்து நியூயார்க் நகரத்துக்கு டன்னுக்கு 100 டாலராக இருந்த கூலி பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. கரையில் நடக்கும் குதிரையும் கோவேறு கழுதையும் இழுக்க, மெதுவாகப் போகும் ஒரு படகு செய்த வேலை இது. நீராவிப் படகும் ரயிலும் இதே வேலையைப் பிற திசைகளில் செய்தன. ரயிலில் ஒரு விபரீதம் மட்டும் சொல்லத் தகுந்தது. இரும்பைச் சிக்கனப்படுத்த, மரச்சட்டத்தின் மேல் மெல்லிய இரும்புப் பட்டையை ஆணியடித்துத் தண்டவாளம் போட்டார்கள். சக்கரம் ஓட ஓட ஆணி கழன்று பட்டையின் முனை மேல்நோக்கிச் சுருண்டு, பெட்டியின் தரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாயும். ‘பாம்புத் தலை’ என்று பெயர் வைத்தார்கள்.

கூலி இறங்கியதும் அடி விழுந்தது நியூ இங்கிலாந்தின் கல்லுக்காட்டு விவசாயிகளுக்கு. மேற்கிலிருந்து வந்த கோதுமையோடு அவர்களால் போட்டி போட முடியவில்லை. பலர் கம்பளிக்காக வளர்க்கும் மெரினோ செம்மறி ஆட்டுக்கு மாறினார்கள். 1840 கணக்கெடுப்பில் வெர்மாண்ட்டில் மனிதர்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு, ஆடுகள் 16 லட்சத்துக்கும் மேல். ஆலைத்துணி மலிந்ததால் வீட்டு நூற்புக்கும் மதிப்புப் போனது. ராட்டையிலிருந்து விடுபட்ட மகள்கள்தான் ஆலைக்குப் போனார்கள்.

ஆலைக்கதையைச் சாமுவேல் ஸ்லேட்டரில் தொடங்குவது வழக்கம். இயந்திரங்களையும் கைதேர்ந்த தொழிலாளிகளையும் வெளியே விடக்கூடாது என்று பிரிட்டன் தடை போட்டிருந்த காலத்தில் நூற்பு இயந்திரங்களின் அமைப்பை மனப்பாடமாகவே கொண்டுவந்து, 1790 டிசம்பரில் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் ஓடவிட்டார். ஆனால் அங்கே நூல் மட்டும்தான்; நெசவு வீடுகளில். பெரிய மாற்றம் 1814-இல் வால்தமில் நடந்தது. ஃபிரான்சிஸ் கேபட் லோவல் பிரிட்டன் ஆலைகளைப் பார்த்துவிட்டு வந்து, பால் மூடி என்ற மெக்கானிக்கின் கையால் விசைத்தறியைச் செய்வித்தார். பொதியாக உள்ளே போன பஞ்சு அதே கூரைக்குக் கீழே துணியாக வெளியே வந்தது.

இயந்திரம் இருந்தால் போதாது என்பது லோவலுக்குத் தெரியும். 1816 இறக்குமதித் தீர்வைச் சட்டத்துக்காக அவரே வாஷிங்டன் போனார். அதிலுள்ள தந்திரம் அழகானது. பருத்தித் துணிக்கு 25 சதவீதம் தீர்வை. ஆனால் எவ்வளவு மலிந்த துணியானாலும் சதுர கஜம் 25 சென்ட் என்று வைத்துத்தான் கணக்கு. அப்படியானால் கஜம் பத்து சென்ட் துணிக்கும் ஆறேகால் சென்ட் தீர்வை, உண்மையில் 62.5 சதவீதம். இந்தியாவிலிருந்து வந்த முரட்டுத் துணி சந்தையை விட்டு வெளியேறியது. வால்தம் நெய்ததும் அதே ரக முரட்டுத் துணிதான்.

லோவல் 1817-இல் இறந்தார். 1820-களில் மெரிமாக் ஆறு சுமார் 32 அடி விழும் இடத்தில் அவருடைய கூட்டாளிகள் எழுப்பிய ஆலை நகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆலைப் பெண்களுக்கு வாரம் சராசரி 73 மணி நேர வேலை. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும், இரவு பத்து மணிக்கு விடுதிக் கதவு மூடிவிடும். ஜன்னல்களை ஆணியடித்து மூடிவைப்பார்கள்: காற்று உலர்ந்தால் பாவு இழை அறும், இழை அறுந்தால் தறி நிற்கும். பஞ்சுத் தூசியும் ஈரமும் சேர்ந்த அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க சுவாசிக்க வேண்டும். தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவில் புது நூல் மாட்டும்போது அதன் துளையில் வாயை வைத்து உறிஞ்சி நூல்முனையை இழுப்பது வழக்கம். ஒருத்தியின் இருமல் அடுத்தவளுக்குப் போக அதுவும் ஒரு வழி.

இருந்தும் போனார்கள், ஏனென்றால் கையில் காசு கிடைத்தது. அப்பாவின் கணக்கு நோட்டில் ஏறாத, தன் பெயரில் வந்த காசு. 1834-இல் கூலியைக் குறைத்தபோது சுமார் 800 பேர் வெளிநடப்பு செய்து தோற்றார்கள். 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியதும் அதைவிடப் பெரிய கூட்டம் வெளியேறியது. இந்தமுறை நிர்வாகம் இறங்கி வந்தது. பிறகு ஒரு பெண்ணுக்கு இரண்டு தறி என்றிருந்தது மூன்றாகி நான்கானது. 1840-களில் சாரா பேக்லி முன்னின்று பத்து மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மனுக் கொடுத்தார். மாசசூசெட்ஸ் அந்தச் சட்டத்தைப் போட்டது 1874-இல்.

அந்தத் தறிகளுக்கான பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதைத் தனி அத்தியாயமாகத் தள்ளிவைப்பது பாடப்புத்தகங்களின் கெட்ட பழக்கம். கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி விளையும் குட்டை இழைப் பருத்தியின் பச்சை விதை இழையோடு பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பிரித்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு பஞ்சுதான் தேறும். எலி விட்னியின் 1793 ஜின்னில் கம்பிப்பற்கள் பதித்த உருளை ஒன்று. பற்கள் குறுகிய பிளவுகள் வழியே இழையைப் பிடித்து இழுக்கும், விதை பெரிதாக இருப்பதால் பிளவுக்கு இந்தப் பக்கமே உதிரும். எதிர்த்திசையில் வேகமாகச் சுழலும் தூரிகை பற்களில் ஒட்டிய பஞ்சைத் துடைத்தெடுக்கும். தூரிகை இல்லையென்றால் சில நிமிஷத்தில் பல்லெல்லாம் அடைத்துக்கொள்ளும். கையால் சுற்றும் சின்ன ஜின்னிலேயே நாளுக்கு 50 பவுண்டு.

விட்னிக்கு இதில் பெரிய லாபம் இல்லை. ஜின்னை விற்காமல், அரைத்துக் கொடுத்து ஐந்தில் இரண்டு பங்கு பஞ்சைக் கூலியாகக் கேட்டார்கள் அவரும் அவருடைய கூட்டாளியும். ஒருமுறை பார்த்தால் எந்தக் கொல்லனும் செய்துவிடக்கூடிய சாமானுக்கு யார் அந்தக் கூலி தருவார்கள்? வருஷக்கணக்கில் வழக்கு நடத்தியே காலம் போனது.

ஆனால் ஜின் பருத்தியைப் பிரித்ததே தவிர, பறிக்கவில்லை. பறிப்பது கைதான். 1790-இல் ஏழு லட்சம் அளவில் இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-இல் 39 லட்சத்தைத் தாண்டியது. 1808-லிருந்து வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை. ஆகவே வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கமிருந்து அலபாமாவுக்கும் மிசிசிப்பிக்கும் உள்நாட்டு வியாபாரம் பெருகி, ஏறக்குறைய பத்து லட்சம் பேர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டோ குடும்பத்தோடோ தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள். அந்த நிலம் சோக்டா, கிரீக், சிக்கசா என்ற பூர்வகுடி மக்களுடையது; 1830 வெளியேற்றச் சட்டத்தின் கீழ் அவர்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தினார்கள். ரோட் ஐலண்டு ஆலைகள் ‘நீக்ரோ துணி’ என்றே ஒரு முரட்டு ரகம் நெய்து தெற்கே விற்றன. அடிமைகள் பறித்த பஞ்சும் அதில் கலந்து அவர்கள் உடம்புக்கே திரும்பி வந்தது.

எல்லாம் கடனில் ஓடியது. விளையப்போகும் பருத்தியின் மேல் நியூ ஆர்லியன்ஸ் கமிஷன் வியாபாரி முன்பணம் கொடுப்பார். லூசியானாவில் தோட்ட முதலாளிகளின் வங்கி நிலத்தையும் அடிமைகளையும் அடமானமாக எடுத்துக்கொண்டது. அதன் பத்திரம் லண்டனில் விற்றது. நாணயமோ குழப்பத்தின் உச்சம். ஒவ்வொரு வங்கியும் தன் நோட்டை அச்சடித்தது. ஊர் விட்டு ஊர் போனால் பத்து டாலர் நோட்டு ஒன்பதாகலாம், எட்டாகலாம். எந்த வங்கி நோட்டுக்கு எவ்வளவு தள்ளுபடி, எது கள்ளநோட்டு என்று பார்க்கக் கடைக்காரர்கள் அச்சிட்ட பட்டியலைக் கல்லாவில் வைத்திருப்பார்கள். பாஸ்டனில் சஃபோக் வங்கி மட்டும் நாட்டுப்புற வங்கிகளிடம் வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு அவற்றின் நோட்டை முழு மதிப்பில் ஓடவிட்டது. மிச்சிகனில் வங்கி தொடங்குவதை எளிதாக்கிய 1837 சட்டத்துக்குப் பின் முளைத்த வங்கிகளில் சோதனை போட்டபோது, மேலே வெள்ளிக்காசும் அடியில் ஆணியும் நிரப்பிய பெட்டிகள் அகப்பட்டன.

1832-இல் ஜனாதிபதி ஜாக்சன் தேசிய வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை நிராகரித்தார். 1836 ஜூலையில் அரசு நிலத்துக்குத் தங்கமோ வெள்ளியோ மட்டும்தான் என்று உத்தரவு. ஏக்கர் 1.25 டாலருக்கு நோட்டைக் கொடுத்து நிலம் வாங்கிக் குவித்தவர்கள் திணறினார்கள். அதே வருஷம் பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை ஏற்றியது, பருத்தி விலை சரிந்தது. 1837 மே 10 அன்று நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குக் காசு கொடுப்பதை நிறுத்தின.

கடைசி அடி கால்வாய்களுக்கே. ஈரியின் வெற்றியைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கடன் வாங்கி வெட்டியிருந்தன. ஈரி பிழைத்ததற்குக் காரணம் மொஹாக் ஆறு அப்பலாச்சியன் மலையில் விட்டிருந்த தாழ்வான இடைவெளி. அது பென்சில்வேனியாவுக்குக் கிடையாது. அங்கே படகுகளைப் பெட்டிமேல் ஏற்றி, பத்துச் சரிவுப் பாதைகளில் கயிறு கட்டி, மலைமேல் 36 மைல் இழுத்துப் போனார்கள். பார்க்க அதிசயம், கணக்கில் நஷ்டம். 1842-இல் பென்சில்வேனியாவால் வட்டி கட்ட முடியவில்லை. 1841, 1842 ஆகிய இரண்டு வருஷத்தில் இன்னும் பல மாநிலங்கள் தவணை தவறின. நியூயார்க்கும் அதே 1842-இல், ஈரியை 70 அடி அகலம், 7 அடி ஆழமாக்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வரியை ஏற்றியது. 1846-இல் எழுதிய புதிய அரசியல் சட்டத்தில், வாக்காளர்களிடம் கேட்காமல் மாநிலம் இனிப் பெருங்கடன் வாங்கக்கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்.