ஓ.டி. நின்ற பிறகு இரண்டாவது வேலை

சம்பளத்தை விட ஓ.டி.யை, அதாவது கூடுதல் நேர வேலைக் கூலியை, நம்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். எனக்கு மாதச் சம்பளம் 19,000. ஓ.டி. நன்றாக ஓடினால் 26,000 வரை கையில் வரும். வீட்டு லோன், பையனின் ஸ்கூல் வேன், அம்மாவின் சுகர் மாத்திரை எல்லாவற்றுக்கும் நான் கணக்குப் போட்டது அந்த 26,000-ஐ வைத்துத்தான். 19,000 என்பது சம்பளச் சீட்டில் இருக்கிற எண், அவ்வளவுதான்.

கோயமுத்தூர் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு பட்டறையில் சி.என்.சி. மிஷினில், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகம் கடைகிற மிஷினில், வேலை. போர்டில் என்னமோ இண்டஸ்ட்ரீஸ் என்று இருக்கும், எங்களுக்கு அது பட்டறைதான். வார்ப்பு வேறு இடத்திலிருந்து வரும், நாங்கள் கடைந்து, துளை போட்டு, அளவு பார்த்து அனுப்புவோம். வால்வு பாடி, பம்ப் சாமான். அதில் பாதிக்கு மேல் யார் யார் கையோ மாறி அமெரிக்கா போகிற சரக்கு. 2025 மார்ச்சில் அமெரிக்காக்காரன் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் 25 சதவீதம் வரி போட்டான், ஜூனில் அதை 50 ஆக்கினான், ஆகஸ்ட் 27-லிருந்து நம் நாட்டுச் சரக்கு பெரும்பாலானவற்றுக்கும் 50 என்று ஆகிவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் பட்ட பாடு பேப்பரில் தினமும் வந்தது. இருபது பேர், முப்பது பேர் வேலை செய்கிற பட்டறை பட்ட பாடு அவ்வளவாக வரவில்லை. வரி ஏறியது கூடப் பரவாயில்லை, அடுத்த மாதம் அது எவ்வளவு இருக்கும் என்று எவனுக்கும் தெரியவில்லை பாருங்கள், அதுதான் ஆர்டரை நிறுத்தியது. விலை இறங்கினால் வாங்கிக்கொள்ளலாம் என்று வாங்குகிறவன் உட்கார்ந்துவிட்டான்.

முதலில் ஓ.டி. நின்றது. அப்புறம் நைட் ஷிஃப்ட். அப்புறம் சனிக்கிழமை வேலை இல்லை, சம்பளமும் இல்லை. லே-ஆஃப், அதாவது வேலை இல்லை என்று கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்புவது, கொடுத்தால் பாதிச் சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் 50 பேருக்குக் குறைவாக இருக்கிற இடத்துக்கு அது கிடையாது. நாங்கள் எண்ணிப் பார்த்தால் வாட்ச்மேனைச் சேர்த்தாலும் முப்பத்தி நாலு.

ஆக இரண்டாவது வேலை தேடுவது என்பது ஆசைக்கு அல்ல. மாதம் 7,000-க்கு மேல் விழுந்த ஓட்டையை அடைக்க.

என் வீடு வேலந்தாவளம், கேரளாப் பக்கம். ரேஷன் கார்டு பாலக்காடு ஜில்லா, சோறு போடுவது கோயமுத்தூர். பெட்ரோல் கூட தமிழ்நாட்டுப் பக்கம் போய்த்தான் போடுவோம், லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறையும். இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறவனுக்கு வேலைக்கும் இரண்டு பக்கம் தேட முடியும், அது ஒரு வசதி. அதே அளவுக்குக் குழப்பம்.

முதலில் கையில் வந்தது இன்னொரு லேத் (கடைசல்) பட்டறை. சாயங்காலம் 6 மணியிலிருந்து 10 வரை, ஒரு நாளைக்கு 350 ரூபாய். தெரிந்த மிஷின், தெரிந்த வேலை, எங்கள் பட்டறையிலிருந்து இரண்டு தெரு. 25 நாள் போனால் 8,750. பார்த்தவுடன் அடித்துப் பிடித்து ஒத்துக்கொள்ளத் தோன்றும். எங்கள் பட்டறையில் ஒரு தம்பி ஒத்துக்கொண்டு போனான். தீபாவளிக்கு முன்னாடியே அந்த இடத்திலும் வேலை நின்றுவிட்டது, ஏனென்றால் அவர்கள் கடைந்ததும் அதே வால்வு பாடி, அதே ஆள் மூலம், அதே ஊருக்கு. இரண்டு பட்டறைக்கும் ஓனர் வேறு, பெயர் வேறு, ஆர்டர் மட்டும் ஒன்று. இரண்டு இடத்தில் வேலை செய்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், உண்மையில் ஒரே வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் செய்திருக்கிறான். மந்தம் வந்தால் எது முதலில் விழும் என்று பார்க்காமல் இரண்டாவது வேலை பிடிப்பதில் அர்த்தமே இல்லை என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். முதல் வேலை விழுகிற அதே காரணத்தால் இரண்டாவதும் விழும் என்றால், அதற்காகத் தூக்கத்தைக் கொடுக்க நான் தயாரில்லை.

தூக்கம் என்று சும்மா சொல்லவில்லை. லேத்தில் சாமானைப் பிடிக்கிற சக்கை முறுக்கும் சாவியை எடுக்காமல் சுவிட்சைப் போட்டவனை நான் பார்த்திருக்கிறேன். சாவி பறந்து போய்ச் சுவரில் பட்டது, அவன் நின்ற இடம் ஒரு அடி தள்ளி. அவன் ஒன்றும் புதுப் பையன் அல்ல, பதினைந்து வருட டர்னர். முந்தின நாள் ராத்திரி கல்யாண வீட்டில் தூங்கவில்லை, அவ்வளவுதான். அரை நிமிஷம் கண் சொக்கினால் போதும் என்கிற வேலையில் இருப்பவன், ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு மாதக் கணக்கில் ஓட்டுவது வேறு விஷயம். கணினி முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவர்கள் அறிவுரை சொல்லும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, ஒரு ஃபேக்டரியில் வேலை செய்த அதே நாளில் இன்னொரு ஃபேக்டரியில் ஆளை வேலைக்கு விடக்கூடாது என்றது. 2025 நவம்பர் 21-லிருந்து புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, அதிலும் இந்தத் தடை போகவில்லை. யாரும் வந்து பிடிப்பதில்லை என்பது வேறு கதை. ஆனால் இரண்டாவது இடத்தில் பெயர் இல்லாமல், ஏட்டில் ஏறாமல்தான் நிற்பீர்கள். அங்கே விரல் போனால் யாரிடம் போய் இ.எஸ்.ஐ. கேட்பது? முதல் கம்பெனி இது எங்கள் இடத்தில் நடக்கவில்லை என்று சொல்லும், சொல்வது நியாயமும் கூட. இரண்டாவது கம்பெனி இந்த ஆளையே தெரியாது என்று சொல்லும். ஒருவேளை அங்கேயும் முறைப்படி பி.எஃப். பிடித்தால், யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண் ஆளுக்கு ஒன்றுதானே, இரண்டும் ஒரே இடத்தில் தெரிந்துவிடும். ஐ.டி. கம்பெனியில் இருக்கிற என் சித்தப்பா பையன் அடிக்கடி சொல்வான், 2022-ல் இப்படி இன்னொரு இடத்துக்கும் வேலை செய்ததாக விப்ரோ 300 பேரை வெளியே அனுப்பியதை. வருமான வரிப் பயம் மட்டும் நமக்கு இல்லை, 12 லட்சம் வரைக்கும் வரி இல்லாத காலத்தில் நம் இரண்டு சம்பளத்தையும் மூன்றால் பெருக்கினாலும் பரவாயில்லை.

அடுத்தது கேரளாப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கட்டட வேலை. கூலி அங்கேதான் அதிகம், அது நாடறிந்தது. 2022-23-க்கான ரிசர்வ் பேங்க் கணக்கிலேயே கிராமப்புறக் கட்டடத் தொழிலாளிக்குக் கேரளாவில் நாள் கூலி 850 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டில் 500 சுமார். அதனால்தான் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயில் ஏறி வருகிறார்கள். நாலு ஞாயிறு போனால் 3,400 நிச்சயம். ஆனால் நாற்பதைத் தொட்ட முதுகு, ஐந்து நாள் மிஷின் முன் நின்றது, ஞாயிற்றுக்கிழமை கலவை சுமக்காது. என் மச்சான் போகிறான், திங்கட்கிழமை அவன் பேச்சே வேறு மாதிரி இருக்கும். பாலக்காடு பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனிகளில் நைட் கேட்கலாம் என்று அவன்தான் சொன்னான். அது ஃபேக்டரி, மேலே சொன்ன அதே சிக்கல். அதோடு நடுராத்திரியில் எல்லையில் இருக்கிற வாளையார் ரோட்டில் பைக்கில் திரும்ப வேண்டும். லாரிக்குப் பயப்படுவதா, யானைக்குப் பயப்படுவதா? 2021 நவம்பரில் நவக்கரை பக்கத்தில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்தனவே, அந்தத் தண்டவாளமும் இந்த ரோடும் ஒரே காட்டோரம்தான் போகின்றன.

இதெல்லாம் போக எங்கள் மாதிரி எல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. 2020-ல் ஊரடங்கு போட்டபோது வாளையாரில் பாஸ் இல்லாதவர்களை நிறுத்தி வைத்தார்கள், வெயிலில் குழந்தைகளோடு நின்றதை டி.வி.யில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரிலும் பாதை அடைத்தாயிற்று. பட்டறை மறுபடி திறந்து வேலைக்குக் கூப்பிட்டபோது எனக்குத் தாண்டிப் போக வழி இல்லை. கேரளா கவர்மென்ட் கொடுத்த ரேஷன் அரிசியும் கிட்டில் வந்த பயறும் இருந்ததால் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவில்லை, கையில் காசுதான் இல்லை. அதனால் இரண்டாவது வேலை என்று ஒன்று இருந்தால் அது எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், என் வீட்டுப் பக்கம், இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். தினமும் ஒரு கொள்ளைநோய் வரப்போவதில்லை, தெரியும். இருந்தாலும்.

இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? காய்கறி இருக்கிறது. வேலந்தாவளத்தில் காய் வியாபாரம் எத்தனையோ வருடமாக நடக்கிறது. கேரளாக்காரர்கள் சாம்பாருக்கும் அவியலுக்கும் நிறையக் காய் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்துதான் வாங்கியாக வேண்டும். அமெரிக்காக்காரன் வரி போட்டதால் திருச்சூரில் யாரும் முருங்கைக்காய் வாங்குவதை நிறுத்தவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வியாபாரி, அப்பா காலத்துப் பழக்கம், சாயங்காலம் கணக்கு எழுத ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறார்! ஒரு தாளில் மேலே விவசாயி பெயர், அதன் கீழ் எத்தனை டிரே, எத்தனை கிலோ, என்ன விலை, ஏற்றுக்கூலி, கமிஷன், போன வாரம் வாங்கிய அட்வான்ஸில் கழித்தது. ஓரத்தில் இன்னொரு பேனாவில் 400 என்று இருந்தது. இது என்னங்கண்ணா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியலையே கண்ணு, யாருக்கோ கொடுக்கணும்" என்றார். அந்த யாரோ கேட்கும்போது கொடுப்பார், சந்தேகமில்லை. இப்படி எத்தனை 400 போயிருக்கும் என்பதுதான் கேள்வி.

மாதம் 6,000 தருகிறேன் என்றார். லேத்தை விட 2,750 குறைவு. ஆனால் லேத்துக்கு 11 மணிக்கு வீடு வந்து சேர வேண்டும், பத்து மணி வரைக்கும் பசி தாங்காது, கடைச் சாப்பாடும் டீயும் நாளைக்கு 60 ரூபாயாவது ஆகும். அது மட்டுமே மாதம் 1,500. இங்கே நடந்து போனால் ஐந்து நிமிஷம், எட்டரை மணிக்கு வீட்டில் சோறு. கழித்துப் பார்த்தால் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். அந்தக் காசுக்கு என்னால் தினமும் இரண்டரை மணி நேரத் தூக்கத்தை விற்க முடியாது.

வீட்டில் சொன்னபோது என் சம்சாரம் சொன்னது வேறு. "ஏனுங்க, நீங்க ரெண்டு வேலைக்குப் போனா எனக்கு மூணு வேலை ஆகுமுங்க, அதை எந்தக் கணக்குல எழுதறீங்க?" இரண்டு மாடு இருக்கிறது, சாயங்காலம் தீவனம் அறுத்துப் போடுவது நான், பையனுக்குக் கணக்கு சொல்லித்தருவது நான். இரண்டும் அவள் தலையில் விழும். வீட்டில் யார் இரண்டாவது வேலைக்குப் போனாலும் மிச்ச வேலை காற்றில் கரைவதில்லை, இன்னொருவர் கைக்கு மாறுகிறது. அந்தக் கைக்கு யாரும் ஓ.டி. கொடுப்பதில்லை.

அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். பிளஸ் டூவில் அக்கவுண்டன்சி படித்தவள், என்னை விடக் கையெழுத்தும் கூட்டலும் சுத்தம். கடையில் ஆள் நின்று சரக்கு எடை, விலை குறித்து வர ஒரு மணி நேரம் போதும், அதை நான் செய்கிறேன். நோட்டில் ஏற்றுவது, கூட்டுவது, ஆளாளுக்குச் சீட்டு எழுதுவது எல்லாம் பால் ஊற்றி வந்த பிறகு வீட்டில் அவள். வியாபாரியிடம் கேட்டோம், கணக்கு சரியாக இருந்தால் யார் எழுதினால் என்ன என்றார். பணத்தை அவள் பேங்க் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு ஓ.டி. திரும்பி வந்தால் எடை குறிக்க என் தம்பியை அனுப்பிக்கொள்ளலாம், அந்த வேலை அவளோடு நிற்கும். தை பிறந்ததும் ஆரம்பம்.

பட்டறை ஓனரிடம் மறைக்கவில்லை, போன வாரமே சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "மிஷின் வேலை இல்லைதானுங்களே, தாராளமாப் பாருங்க" என்றார். வாசல் வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டு, அங்கே சின்ன வெங்காயம் மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்.