அம்மாவுடன் ஜேபி: முதலில் பழைய பாஸ்போர்ட் போட்டோவை அழியுங்கள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு, அதாவது ஜேபிக்கு, எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. முடி வெட்டப் போயிருக்கிறேன், புரோட்டா தின்னப் போயிருக்கிறேன், ஒன்றும் தோன்றாமல் சும்மாவும் போயிருக்கிறேன். அந்தத் திமிர்தான் இந்த முறை காலை வாரிவிட்டது. தனியாகப் போவதும், ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதும் ஒன்றில்லை என்று இரண்டு நாள் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் பெரியப்பா அந்தக் காலத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டத்துக்கு ரப்பர் பால் வெட்டப் போனவர். அவர் மகள், அதாவது எனக்குப் பெரியம்மா, இப்போது ஜொகூரில் மாசாய் பக்கம் இருக்கிறார். அக்கா தங்கை நேரில் பார்த்து முப்பது வருடம் ஆகிவிட்டது. அம்மா பட்டுக்கோட்டையில் கிளம்பும்போதே "அக்காவைப் பாக்காம திரும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

கூட வேலை செய்யும் நண்பரிடம் கேட்டேன். "இந்தியர்களுக்கு மலேசியாவுக்கு இப்போ விசாவே வேண்டாமே, பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு போயிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார். பாதி உண்மை. 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம், இப்போதைக்கு 2026 முடியும் வரை அப்படித்தான். ஆனால் எம்டிஏசி என்கிற மலேசிய வருகை அட்டையை ஆன்லைனில் போட்டாக வேண்டும். 2024 ஜனவரி முதல் கட்டாயம், போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் போட வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு வேண்டாம். நாம் சிங்கப்பூரில் என்ன பாஸில் இருந்தாலும் வேண்டும், பிஆர் என்கிற நிரந்தரவாசி ஆனாலும் வேண்டும். காசு கிடையாது. தேடினால் காசு கேட்கும் தளங்கள் சில முதலில் வந்து நிற்கும், அச்சு அசல் அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும், இதே நண்பர் ஒருமுறை அதில் கார்டு நம்பரைக் கொடுத்து ஏமாந்தவர்தான். மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் போடுங்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியும். வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பத்து நிமிடத்தில் போட்டு முடித்துவிட்டேன். அம்மா தூங்கிவிட்டதால் எழுப்பவில்லை, போனில் இருந்த பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து நம்பரை அடித்தேன். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். அம்மாவின் சிங்கப்பூர் விசா ஒரு தடவைக்கா, பல தடவைக்கா என்று பார்த்தேன். பல தடவைக்குத்தான் இருந்தது. ஒரு தடவை விசாவாக இருந்தால் ஜேபி ஆசையையே விட்டுவிடுங்கள், போகலாம், திரும்பி வர முடியாது.

ரயிலில் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சிங்கப்பூர் எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸிலிருந்து ஜேபி சென்ட்ரலுக்கு ஷட்டில் தெப்ராவ் ரயில் ஐந்தே நிமிடம், டிக்கெட் ஐந்து வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், இரண்டு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். வயதானவர்களுக்கு அதைவிடச் சொகுசு கிடையாது. ஆனால் வார இறுதி டிக்கெட் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. நீங்கள் அம்மா அப்பாவைக் கூட்டிப் போவதாக இருந்தால் அவர்கள் விமான டிக்கெட்டைப் போடும் அன்றே இதையும் போட்டுவிடுங்கள்.

ஆக பஸ். அதுவும் ஜூன் பள்ளி விடுமுறை, சனிக்கிழமை, காலை எட்டரை மணி. இதைவிடக் கெட்ட நேரத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஆறு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும், "அம்மா இட்லி அவிச்சிட்டாங்க, சாப்பிட்டுப் போவோம்" என்று இரண்டரை மணி நேரத்தைக் கோட்டை விட்டேன். கிராஞ்சியில் 170எக்ஸ், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இறங்கி வெளியேறும் சோதனை, அதெல்லாம் பிரச்சினையில்லாமல் நடந்தது. அதன்பிறகு கீழே இறங்கி மறுபடி பஸ்ஸுக்கு நிற்கும் வரிசை இருக்கிறதே, அது தைப்பூசக் கூட்டம். தினமும் 3 லட்சம் பேர் போல இந்த வழியே போய் வருகிறார்கள் என்பது செய்தியில் படித்தபோது வெறும் எண், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அத்தனை பேரும் நம் முதுகில் மூச்சு விடுகிறார்கள்.

அம்மாவுக்கு எஸ்கலேட்டர் என்றால் பயம். சேலையைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்று "நீ போ, நான் வரேன்" என்பார், வரமாட்டார். ஒவ்வொரு இடத்திலும் லிஃப்ட் எங்கே என்று தேடினேன். இரண்டு பக்கக் கட்டடத்திலும் லிஃப்ட் இருக்கிறது, கேட்டால் காட்டுகிறார்கள். கழிப்பறைக்குப் போவதானால் உட்லண்ட்ஸிலேயே போய்விடுங்கள், பஸ்ஸில் ஏறிய பிறகு எப்போது இறங்குவீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். 1924-ல் திறந்தது, நடந்தால் கால் மணி நேரம். எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. பஸ்ஸுக்கு வெளியே இளவட்டங்கள் எல்லாம் நடந்தே எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா சன்னல் வழியாகப் பாலத்தை ஒட்டிப் போகும் பெரிய பெரிய குழாய்களைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர், 1962-ல் போட்ட ஒப்பந்தம், 2061 வரைக்கும் இருக்கிறது என்றேன். "இங்கயும் அடுத்தவன்கிட்டதான் தண்ணி வாங்குறாங்களா? ஒழுங்கா விடுறானா?" டெல்டாக்காரம்மா வேறு எதைக் கேட்பார்? பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் புது ரயில் பாலத்தையும் காட்டினேன். புக்கிட் சாகரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு, மணிக்கு ஒரு பக்கம் 10,000 பேர் வரை போகலாமாம். "அது முடிஞ்சப்புறம் என்னக் கூட்டி வந்திருக்கலாம்ல" என்றார். சரிதான்.

மலேசியப் பக்கச் சோதனைச்சாவடியின் பெயர் பாங்குனான் சுல்தான் இஸ்கந்தர். வெளிநாட்டவர் வரிசையில் முக்கால் மணி நேரம். எங்கள் முறை வந்தது, என்னுடையது முடிந்தது, அம்மாவின் பாஸ்போர்ட்டை வைத்துப் பார்த்த அதிகாரி தலையை ஆட்டினார். எம்டிஏசி இல்லை. "போட்டிருக்கிறேன் சார், இதோ மெயில்" என்று காட்டினேன். அவர் மெயிலைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினார். நம்பர் வேறு.

என் போனில் இருந்தது அம்மா முதல் தடவை வந்தபோது எடுத்த பழைய பாஸ்போர்ட்டின் போட்டோ. அது காலாவதியாகி, மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்து, வீட்டு பீரோவில் கிடக்கிறது. புது பாஸ்போர்ட்டில்தான் விசாவே எடுத்தோம். எல்லாம் தெரிந்தும், அர்த்த ராத்திரியில் கைக்கு அகப்பட்ட போட்டோவைப் பார்த்து அடித்திருக்கிறேன்.

அதிகாரி திட்டவில்லை, ஓரமாகப் போய்ப் போட்டுக்கொண்டு வா என்றார், அவ்வளவுதான். ஆனால் என் போன் அந்த நேரம் பார்த்து சிங்கப்பூர் சிக்னலைப் பிடிப்பதா மலேசிய சிக்னலைப் பிடிப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தது. ரோமிங்கை முதல்நாளே போட்டு வைத்திருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. ஒரு தூண் ஓரத்தில் ஒரு கோடு சிக்னலில் பக்கம் பக்கமாகச் சுற்றிச் சுற்றித் திறந்தது. இந்தத் தடவை அம்மாவின் கையிலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி, போட்டோ எடுத்து, பழையதை அங்கேயே அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்து அடித்தேன். அம்மா பக்கத்தில் நின்று மிஸ் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடி வரிசை. வேறு கவுண்டர். இப்போது கைரேகை. இரண்டு ஆள்காட்டி விரலையும் கருவியில் வைக்கச் சொல்கிறார்கள், அம்மாவின் விரல் விழவே இல்லை. நாற்பது வருடம் நாற்று நட்டு, களை பறித்து, பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? "தெக்கான், தெக்கான்" என்றார் பக்கத்துக் கவுண்டர்காரர், அழுத்து என்று அர்த்தம். அம்மா அழுத்தினார், கருவியே கழன்றுவிடும் போல அழுத்தினார். எங்கள் கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, சுத்தத் தமிழில், "அம்மா, விரலை நெத்தியில தேச்சிட்டு வைங்க" என்றார். தேய்த்தார். முதல் தடவையிலேயே விழுந்தது. எண்ணெய்ப் பசைதான் விஷயம். விரல் தேய்ந்த பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நூறு வெள்ளி பெறும்.

முத்திரை விழுந்தபோது மணி 12:10. மேலே நடைபாலம் வழியாக ஜேபி சென்ட்ரலுக்கு வந்தால் பெரியம்மா பத்து மணியிலிருந்து அங்கேயே நிற்கிறார். இரண்டு பேரும் பேசவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் போய் டீ வாங்கி வந்தேன்.

மாசாயில் ஒரு ராத்திரி. அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். கிளம்பும்போது பெரியப்பா ஆசையாக ஒரு பெட்டி சிகரெட்டை எடுத்து என் பையில் வைக்கப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். சிங்கப்பூருக்குள் சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு என்பதே கிடையாது, ஒரு பெட்டியானாலும் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். முறுக்கு மட்டும் வாங்கிக்கொண்டோம்.

மலேசியாவிலிருந்து வெளியேறுவது நீண்ட வரிசையைத் தவிர ஒன்றுமில்லை. உட்லண்ட்ஸ் வந்தபோது எட்டு மணி. வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு நிம்மதி. தானியங்கி வாயிலில் பாஸ்போர்ட்டை வைத்தேன், கேமராவைப் பார்த்தேன், உள்ளே போய்விட்டேன். திரும்பி அம்மாவை "அதே மாதிரி வைங்கம்மா" என்றேன். வைத்தார். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை வைத்தார். சிவப்பு.

அப்போதுதான் உறைத்தது, எஸ்ஜி அரைவல் கார்டு, சிங்கப்பூரின் வருகை அட்டை. எனக்கு அது வேண்டாம், இங்கே நீண்டகால பாஸ் வைத்திருப்பவர்கள் தரை வழியாக வந்தால் போடத் தேவையில்லை. ஒன்பது வருடமாக எனக்குத் தேவைப்படாததால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. ஆனால் விசிட்டில் வந்திருப்பவர்கள் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது ஒருமுறை போட்டால் போதாது, நாட்டை விட்டு ஒரு மணி நேரம் வெளியே போய் வந்தாலும் புதிதாகப் போட வேண்டும். இதுவும் இலவசம், இதுவும் மூன்று நாளுக்குள்.

நான் இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். அவரிடம் போன் இல்லை, ஆங்கிலம் வராது. நான் திரும்பிப் போக முடியாது. ஒரு அதிகாரி வந்து அம்மாவை ஓரமாக நிற்க வைத்தார். இப்போது எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது. பெரியவர்களை முதலில் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் போங்கள், வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன், போனை எடுத்துப் போட அனுமதித்தார். பாஸ்போர்ட் அம்மா கையில், ஆனால் போட்டோ என்னிடம், அதுவும் நேற்று அந்தத் தூண் ஓரத்தில் எடுத்த புதுப் போட்டோ! நேற்றைய அவமானம் இன்று கை கொடுத்தது. ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டேன். இந்தத் தடவை மெயில் முகவரி என்னுடையது. சாங்கிக்கு வந்தபோது அட்டையைப் போட்டது ஊரில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், அவர் தன் மெயிலைக் கொடுத்திருந்தார். இப்போதெல்லாம் சிங்கப்பூரில் முத்திரை குத்துவதில்லை, எத்தனை நாள் தங்கலாம் என்பது மெயிலில்தான் வரும். அம்மாவின் பாஸ் எந்தத் தேதி வரை என்று தெரிந்துகொள்ள நான் பட்டுக்கோட்டைக்குப் போன் போட வேண்டியிருந்தது.

அம்மாவை அதிகாரி இருக்கும் கவுண்டருக்கு அனுப்பினார்கள். தங்கும் நாளை நீட்டிக்கொள்ள ஜேபிக்கு ஒரு நடை போய் வருகிறவர்கள் உண்டு என்பதால் விசிட்டில் இருப்பவர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி ஏதோ கேட்டார். அம்மா மஞ்சப்பையில் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டி, தெளிவாக, "ரிட்டர்ன் டிக்கெட்" என்றார். அதை எப்போது அச்சடித்தார், யார் சொல்லிக் கொடுத்தது, எனக்குத் தெரியாது. அப்புறம் என்னைக் கைகாட்டி "மை சன்" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன், லூசு மாதிரி.

இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் உட்காரும் முன்பே மெயில் வந்துவிட்டது, புதுத் தேதியோடு.

கிராஞ்சி வரும்வரை அம்மா ஒன்றும் பேசவில்லை, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இறங்கும்போதுதான் சொன்னார். "அக்கா தீவாளிக்கு இங்க வரேன்னிருக்கா. நான் இல்லாட்டியும் கூப்பிட்டு வச்சிக்க. மலேசியாக்காரவங்களுக்கும் அந்தக் கார்டு போடணுமாமே, நீயே போட்டுக் குடுத்துரு. பாஸ்போர்ட்டக் கையில வாங்கி வச்சிக்கிட்டுப் போடு தம்பி."