தலைக்குள் பேசுவது எந்த மொழி?

இரண்டு மொழிகளில் புழங்குகிறவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் எந்த மொழியில் யோசிக்கிறீர்கள்?" பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பொறியியலை ஆங்கிலத்தில் முடித்து, இப்போது பகல் முழுவதும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிப் பிழைக்கும் என்னிடமும் இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். "தமிழில்தான்" என்று சொன்னால் சிலர் மகிழ்கிறார்கள்; "ஆங்கிலத்தில்" என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. அவர்கள் அறிய விரும்புவது என் மூளையைப் பற்றியதன்று, நான் எந்தப் பக்கம் என்பதைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றும். ஆயினும் அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கேள்வி சுவையானதுதான்.

முதலில், சிந்தனை எப்போதும் மொழியில்தான் நடக்கிறதா என்பதே ஐயத்திற்குரியது. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் என்ற உளவியலாளர், மனிதர்களிடம் ஒரு சிறு ஒலிக்கருவியைக் கொடுத்தனுப்பி, எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும்போது அந்தக் கணத்தில் மனத்தில் என்ன இருந்தது என்பதைக் குறித்துவரச் சொல்லும் முறையைப் பல்லாண்டுகளாகக் கையாண்டு வருகிறார். அவரும் ஹீவி என்ற சக ஆய்வாளரும் 30 மாணவர்களைக் கொண்டு செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ கால் பங்குக் கணங்களில்தான் உள்ளே பேச்சு இருந்தது. மற்ற நேரங்களில் காட்சியோ, உணர்ச்சியோ, சொல்லில் அமையாத வெறும் எண்ணமோ இருந்தன. ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிகுதி. சிலருடைய தலைக்குள் பேச்சு ஓயாது, சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியாது.

அதைப் படித்தபின் கைப்பேசியில் தாறுமாறான நேரங்களில் மணி வைத்து நானும் முயன்று பார்த்தேன். எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் துண்டுகள். ஒருமுறை மணி அடித்தபோது, சமையல் எரிவாயு உருளையைத் தூக்கிப் பார்க்கும்போது கைக்குத் தெரியும் கனம் மட்டுமே மனத்தில் இருந்தது; "தீரப் போகிறது, பதிவு செய்ய வேண்டும்" என்ற வாக்கியம் எந்த மொழியிலும் இல்லை, ஆனால் பொருள் முழுதாக இருந்தது. இன்னொரு முறை, மறுநாள் மேலாளரிடம் விடுப்பு கேட்பதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழுக்க ஆங்கிலம், மரியாதைச் சொற்கள் உட்பட. அதே விடுப்பைப் பற்றி அம்மாவிடம் சொல்வதை நினைத்துக்கொண்டிருந்த வேறொரு கணத்தில் எங்கள் ஊர்த் தமிழ் ஓடியது. இவற்றைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. உள்ளே வாக்கியம் வாக்கியமாகப் பேச்சு ஓடும்போதெல்லாம் எதிரே யாரோ ஒருவர் இருந்தார். அவர் யார் என்பதே மொழியைத் தீர்மானித்தது.

உள்ளுரைப் பேச்சு என்பது குழந்தை பிறரோடு பேசிய பேச்சு மெல்ல உள்ளடங்கிப் போனதுதான் என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி வாதிட்டார். 1934இல், அவர் இறந்த அதே ஆண்டில், வெளிவந்த நூலில் அது இருக்கிறது. உள்ளடங்கும்போது பேச்சு சுருங்கிவிடுகிறது என்றும், நமக்கு நாமே எழுவாயைச் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை இல்லாததால் அது விழுந்துவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். என் துண்டுகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு மட்டும் இந்தப் பொதுவிதிக்குள் எளிதில் அடங்குவதில்லை. எதிரே யார் இருந்தாலும் எனக்கு ஆறெட்டு நாற்பத்தெட்டுதான். ஆங்கிலத்தில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பெருக்க வேண்டி வந்தால், ஒரு நொடி தமிழுக்குள் போய் விடையை எடுத்துக்கொண்டு திரும்புகிறேன். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரைப் பாருங்கள். அட்டையில் பேனாவை வைத்துக்கொண்டு "நாப்பத்தஞ்சும் எழுபத்திரண்டும் நூத்திப்பதினேழு" என்று தமிழில் கூட்டுகிறவர், பணம் அனுப்பக் கைப்பேசி எண் கேட்டால் அடுத்த மூச்சில் "நைன் ஃபோர் டபுள் த்ரீ" என்று தொடங்குகிறார். ஆங்கிலத்தில் அவர் வேறெதையும் அப்படிச் சரளமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வாய்ப்பாடு பள்ளிக்கூடத்தில் தமிழில் வந்தது. கைப்பேசி எண் கைப்பேசியோடு ஆங்கிலத்தில் வந்தது. எது எந்த மொழியில் வந்து சேர்ந்ததோ அது அந்த மொழியிலேயே தங்கிவிட்டது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டானிஸ்லாஸ் தெஹேன், எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் 1999இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்குச் சில கூட்டல் கணக்குகளை ஒரு மொழியில் மட்டும் பயிற்றுவித்து, பிறகு இரண்டு மொழிகளிலும் கேட்டார்கள். துல்லியமான விடை வேண்டும்போது பயிலாத மொழியில் தாமதம் ஏற்பட்டது. தோராயமான விடை போதும் என்றபோது மொழி மாறியதால் தாமதம் இல்லை. அளவை மதிப்பிடுவது மொழிக்கு வெளியே நடக்கிறது, மனப்பாடமான கணக்கு மொழிக்குள் கிடக்கிறது என்பது அவர்கள் முடிவு. இருந்தாலும், ஒரு திட்டத்தின் செலவு இரண்டு மில்லியன் என்று கேட்கும்போது எனக்கு ஒன்றும் உறைப்பதில்லை. இருபது லட்சம் என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் அது பெரிய தொகையா சிறிய தொகையா என்பது தெரிகிறது.

நினைவும் ஏறத்தாழ இப்படித்தான். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மாணவர்களை வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் நேர்கண்டபோது (ஆய்வு 2000இல் வெளிவந்தது), ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்ய மொழியில் வாழ்ந்த காலத்து நிகழ்ச்சிகள் கூடுதலாகவும், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் வாழ்ந்த காலத்து நிகழ்ச்சிகள் கூடுதலாகவும் நினைவுக்கு வந்தன.

வேற்று மொழியில் யோசித்தால் முடிவே மாறும் என்பதற்கும் சான்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கேசார் குழுவினர் 2012இல் காட்டியபடி, இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரே கணக்கை "இத்தனை பேர் பிழைப்பார்கள்" என்றும் "இத்தனை பேர் இறப்பார்கள்" என்றும் மாற்றிச் சொன்னால் தாய்மொழியில் மக்கள் தடுமாறித் தெரிவை மாற்றுகிறார்கள்; பின்னாளில் கற்ற மொழியில் அந்தத் தடுமாற்றம் காணப்படவில்லை. உணர்ச்சியிலிருந்து சற்றே விலகி நிற்பது காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதை நம் நிலைமைக்கு அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வேற்று மொழியை வகுப்பறையில் கற்றவர்கள். தமிழ்நாட்டில் மழலையர் பள்ளியிலேயே ஆங்கிலத்தில் வாய்ப்பாடு சொல்லி, ஆங்கிலத்தில் திட்டு வாங்கி வளரும் குழந்தைக்கு அது எந்தப் பொருளில் வேற்று மொழி?

இந்த ஆய்வுகளையெல்லாம் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரியின் முதலாண்டுதான். தமிழ்வழியில் வந்தவர்களை "மெதுவாக யோசிக்கிறார்கள்" என்று ஆசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. வகையிடலும் தொகையிடலும் எங்களுக்குத் தெரிந்திருந்தன. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு மொழியில் அடுக்கி வைத்ததை, கேள்வி வந்த நொடியில் வேறொரு மொழியில் எடுத்துத் தர வேண்டியிருந்தது. தெஹேனின் ஆய்வில் கண்டதும் அதே தாமதம்தான். கரும்பலகையில் கணக்கை எழுதிப்போட்டு வாய்திறக்காமல் செய்யச் சொன்னபோது எங்களில் யாரும் பின்தங்கியதில்லை. வாய்மொழித் தேர்வில் மட்டும் மதிப்பெண் குறைந்தது.